பழைய கச்சேரி டேப்புகள்: ஹிஸ் கிடக்கட்டும், சுருதியைப் பாருங்கள்

பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்சன் 1972இல் வெளியிட்ட ‘எர்த்பவுண்ட்’ ஒரு கேசட்டிலிருந்து பிறந்த ஆல்பம். அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு ஆம்பெக்ஸ் ஸ்டீரியோ கேசட் ரெக்கார்டருக்குள் போன சத்தம்தான் அது. ஒலித்தரம் போதாது என்று அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் அதை வெளியிடவே இல்லை. அதில் கேட்கிற கரகரப்பு பதியும்போதே டேப்பில் ஏறிவிட்டது. இனி எடுக்க முடியாது. ஆனால் ப்ராக் (ப்ரோக்ரஸிவ் ராக்), சைக்கடெலிக் ராக் குழுக்களின் பெயரில் சுற்றுகிற கச்சேரிப் பதிவுகளில் பல வேறு ரகம். குறை பதிவில் இல்லை, அதை டிஜிட்டலுக்கு மாற்றிய விதத்தில் இருக்கிறது. வேகம் தப்பியிருக்கும், டேப்பைப் படிக்கும் ஹெட் சாய்ந்திருக்கும். இரண்டையும் சரிசெய்ய முடியும்.

கேட்டவுடன் உறுத்துவது ஹிஸ் (டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல்) என்பதால் எல்லோரும் முதலில் அதில்தான் கை வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிம்பலின் வாலும், மெலட்ரான் கீபோர்டின் வயலின் ஒலியின் மேல்விளிம்பும், அரங்கின் காற்றும் இருப்பது அதே உயரத்தில்தான். ஹிஸ்ஸைத் துடைத்தால் அவையும் சேர்ந்தே போகும்.

ரீல் டேப்பாக இருந்தால் ஓட்டுவதற்கு முன்னால் அது என்ன டேப் என்று பாருங்கள். ரீலை விளக்குக்கு எதிரே பிடித்தால், சுற்றுகளின் ஊடே வெளிச்சம் கசிகிறதா? அது அசிடேட். சூடே காட்டக் கூடாது. வெளிச்சம் தெரியாவிட்டால் பாலியஸ்டர். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்றவற்றில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் ஹெட்டில் பழுப்பாக அப்பிக்கொண்டு கிறீச்சிடும். கால் அங்குல ரீலை 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம், இடையிடையே திருப்பி வைத்து உலர்த்தி, நன்றாக ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் மாற்றிவிட வேண்டும். சமையல் ஓவனில் வெப்பம் சீராக நிற்காது. வெப்பத்தைத் துல்லியமாகப் பிடித்து வைக்கும் உணவு உலர்த்தும் கருவி அதைவிட எவ்வளவோ மேல்.

கேசட்டில் தலைவலி வேறு: அசிமத், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் கோணம். கேசட் வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. அப்படியென்றால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை டேப்பில் பிடிக்கும் இடம் வெறும் 4.76 மைக்ரான். ட்ராக்கின் அகலமோ 0.6 மி.மீ. பதிந்த ஹெட்டுக்கும் நம் ஹெட்டுக்கும் அரை டிகிரிகூட வேண்டாம், அதற்குச் சற்றுக் குறைவாகச் சாய்வு இருந்தாலே அந்த ஒலி தன்னைத்தானே முழுக்க ரத்து செய்துகொண்டு காணாமல் போகும். ‘மங்கலான ஆடியன்ஸ் டேப்’ (ரசிகர் அரங்கிலிருந்து எடுத்த பதிவு) என்று பெயர் வாங்கிய பதிவுகளில் பலவற்றின் கதை இதுதான்.

ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் பெயின்ட் தொட்டு வைத்திருப்பார்கள். டால்பியை (ஹிஸ்ஸைக் குறைக்கும் வசதி) அணைத்துவிட்டு, இரண்டு சேனலையும் மோனோவாகக் கூட்டிக் கேட்டபடி, காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். சிம்பல் எங்கே பளிச்சென்று திறக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஏ பக்கத்துக்கு வைத்தது பி பக்கத்துக்குப் பொருந்தாது. திரும்பச் செய்ய வேண்டும். பதிவு டால்பி பி-யில் இருந்தாலும், டால்பி இல்லாமலே ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. சாய்ந்த ஹெட்டில் டால்பியையும் போட்டால், ஏற்கெனவே குறைந்துபோன உச்ச ஒலியை அது இன்னும் அமுக்கும்.

அடுத்தது வேகம். எனக்கு முக்கியம் இதுதான். 3 சதவீதம் கூடினால் அரை ஸ்வரத்தில் பாதி ஏறிவிடும். பாட்டு துள்ளலாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் பாடகரின் குரல் அவருடையதாக இருக்காது. அளவுகோல் டேப்பிலேயே இருக்கிறது: மின்சார ஹம், அதாவது மின் இணைப்பிலிருந்து பதிவில் ஏறும் ரீங்காரம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. பாட்டுகளுக்கு இடையே உள்ள அமைதியான 10 வினாடியை வெட்டி, 8000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டுக்கு இறக்கி, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 65536 அளவில் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். ஒரு ஹெர்ட்ஸில் எட்டில் ஒரு பங்குவரை பிரித்துக் காட்டும். சாம்பிள் ரேட்டைக் குறைக்காமல் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று குழம்பும்.

அமெரிக்க டேப்பில் 61.8 என்று வந்தால், 60-ஐ 61.8-ஆல் வகுங்கள்: 0.971. வேகத்தை அந்த மடங்குக்கு மாற்ற வேண்டும். வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்க வேண்டும்; சுருதியை மட்டும் இறக்கும் வசதியைத் தொடாதீர்கள். சரியாக 50-இல் ஒரு கோடு நின்றால் ஏமாந்துவிடாதீர்கள், அது இன்று நம் வீட்டு வயரிங் போட்டதாக இருக்கலாம். 60-ஐச் சுற்றி இரண்டு மூன்று கோடுகள் இருந்தால் அத்தனை முறை நகலெடுக்கப்பட்ட டேப் என்று சந்தேகப்படலாம்.

ஹம் கிடைக்காவிட்டால் ஹாமண்ட் ஆர்கனைத் தேடுங்கள். டோன்வீல் (சுழலும் சக்கரங்களால் ஒலி எழுப்பும்) ஹாமண்டின் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸோடு பூட்டப்பட்டது. மேடையில் யாரும் அதன் சுருதியைத் திருக முடியாது. மெலட்ரானை மட்டும் நம்பவே கூடாது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே சுமார் 8 வினாடி டேப் ஓடும் கருவி அது. பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறி, சுருதி இறங்கும். பேட்டரியில் ஓடிய ரெக்கார்டர் என்றால் இன்னொரு சிக்கல்: பேட்டரி தீரத் தீரப் பதிவு மெதுவாகும், நாம் ஓட்டும்போது கச்சேரியின் முடிவில் சுருதி ஏறிக்கொண்டே போகும். தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்தில் அளந்து, ஆடாசிட்டியின் டைம் ட்ராக்கில் வேகத்தைச் சரிவாகத் திருத்துங்கள். அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் 1977 கார்னெல் கச்சேரி 2017இல் வெளிவந்தபோது, டேப்பில் மிச்சமிருந்த பயாஸ் ஒலியை (பதியும்போது ரெக்கார்டர் கலக்கும், காதுக்குக் கேட்காத உயர் ஒலி) வைத்து பிளான்ஜென்ட் முறையில் நொடிக்கு நொடி வேக ஆட்டத்தைத் திருத்தினார்கள். அது வீட்டில் ஆகிற வேலை இல்லை.

சவுண்ட்போர்டு (மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த பதிவு) என்றாலே உசத்தி என்ற எண்ணமும் சரியில்லை. சின்ன அரங்கில் கிடார் ஆம்ப்பே போதும் என்பதால் மிக்ஸருக்குக் குரல் மட்டுமே போகும். அதைப் பதிந்தால் குழு எங்கோ தூரத்தில் வாசிக்கும். ஜெர்மன் ராக் குழுவான கேனின் நேரடிக் கச்சேரி வரிசை 2021இல் ஸ்டுட்கார்ட் 1975-உடன் தொடங்கியபோது, ரசிகர்கள் எடுத்த பதிவுகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அரங்கும் ஒரு வாத்தியமாக ஒலிக்கிற அந்த இசைக்கு அதுவே பொருத்தம்.

சவுண்ட்போர்டு, ரசிகர் பதிவு இரண்டையும் கலப்பதானால் தூரத்தைக் கணக்கில் எடுங்கள்: மீட்டருக்கு சுமார் 3 மில்லி வினாடி, 30 மீட்டர் தள்ளி நின்ற மைக் என்றால் ஏறக்குறைய 87. அதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும், இல்லையென்றால் ஐந்து நிமிஷத்தில் டிரம்ஸ் இரட்டையாகக் கேட்கும். சி-90 கேசட்டைத் திருப்பிய 45-ஆவது நிமிஷ இடைவெளியை வேறு பதிவிலிருந்து ஒட்டினால், எந்த நொடி முதல் எந்த நொடி வரை ஒட்டு என்று ஃபைலுடன் எழுதி வையுங்கள். திருத்தாத 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் மூல ஃபைலையும் அதனுடனேயே பகிருங்கள்.