மிதிவண்டி உடைகளைத் துவைக்கும் முறை

மாமல்லபுரம் வரை மிதிவண்டியில் சென்று சென்னை திரும்பியதும், வியர்வையில் ஊறிய ஷார்ட்ஸை, உள்ளே தைத்திருக்கும் மெத்தை போன்ற பேட் வெளியே தெரியும்படி திருப்பி, உடனே குளிர்ந்த நீரில் அலசிவிடுகிறேன். பேடில் ஈரம் தங்கினால் பாக்டீரியா பெருகும். அடுத்த பயணத்தில், உராயும் தோலில் கொப்புளங்கள் வருவதற்கு அதுவே வழிவகுக்கும்.

1958இல் கண்டுபிடிக்கப்பட்ட லைக்ரா இழையின் நெகிழ்ச்சிதான் இந்த உடைகளின் உயிர் என்பதால், அதைத் தளர்த்திவிடும் வெந்நீர், ப்ளீச், இஸ்திரி மூன்றையும் அறவே தவிர்த்து, மிதமான சோப்புத் திரவத்தில், 30 டிகிரிக்கு மேற்படாத நீரில் துவைக்கிறேன். மணமூட்டும் கண்டிஷனரும் வேண்டாம். அது இழைகளின்மேல் படிந்து, வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் தன்மையைக் கெடுத்துவிடும். ஜெர்சியின் ஜிப்பை மூடி, வலைப்பையில் இடுவது நல்லது.

முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் காற்றாட உலர்த்துகிறேன். ஐப்பசி மழையில் பேட் எளிதில் உலராது. அதற்காகவே இன்னொரு ஷார்ட்ஸும் வைத்திருக்கிறேன்.