பைக்குள் அடங்கினால் போதாது, குறியில் பட வேண்டும்

டெக்சாஸில் வசிக்கும் நான், கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய பிஸ்டல் ஒன்றை வாங்க முடிவு செய்தபோது, முதலில் மனத்தில் இருந்தது 2008இல் வெளிவந்த ரூகர் எல்சிபிதான். தோட்டா நிரப்பாதபோது அதன் எடை ஏறக்குறைய 270 கிராம் என்பதால், பையில் இருப்பதே தெரியாது. ஆனால் சுடுதளத்தில் அதை வாடகைக்கு எடுத்து, 7 கஜம், அதாவது சுமார் 6.4 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டபோது, ஆறு குண்டுகளில் இரண்டு மட்டுமே சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் விழுந்தன. மற்ற நான்கும் இடப்பக்கம் தாழ்வாகப் போயிருந்தன.

பிடி குட்டையாக இருந்ததால் சுண்டுவிரலுக்கு இடமில்லை; இரண்டு விரல்களின் பிடியில் நின்ற துப்பாக்கி ஒவ்வொரு வெடிப்பிலும் உள்ளங்கைக்குள் திரும்பியது. டிரிக்கரின் இழுப்பும் நீளமானது. அந்த நீளத்தில் பொறுமை இழந்து கடைசியில் வெடுக்கென்று இழுத்ததால்தான் குண்டுகள் இடப்பக்கம் தாழ்ந்தன என்பதைப் பின்னர் உணர்ந்தேன். எல்லாவற்றையும்விட முக்கியம், குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் உள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம். அது 10 செ.மீ. என்றால், முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் 7 கஜத்தில் குண்டு சுமார் 64 மி.மீ. தள்ளி விழும், அதே தவறு 15 செ.மீ. இடைவெளியில் 43 மி.மீட்டராகக் குறைந்துவிடும். சிறிய துப்பாக்கி தானாகக் குறி தவறுவதில்லை, நம் கையின் சிறு பிழையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அடுத்து, 2018இல் வந்த, 9 மி.மீ. தோட்டா போடும் சிக் பி365 பிஸ்டலைச் சுட்டேன். சுமார் 500 கிராம் எடை அதன் உதைப்பைத் தணித்தது. குறியும் நன்றாகவே அமைந்தது, ஆனால் அது என் பைக்குப் பெரிது. ஐந்து தோட்டா ரிவால்வரின் கனத்த டிரிக்கர் எனக்கு ஒத்துவரவில்லை. இறுதியில் 2014இல் அறிமுகமான கிளாக் 42இல் நின்றேன். எல்சிபி சுடும் அதே .380 என்ற வகைத் தோட்டாதான், ஆனால் எடை ஏறக்குறைய 390 கிராம், குறிகளும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் கூடுதல் 120 கிராமில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். முதல் நாளிலேயே ஆறில் ஐந்து குண்டுகள் அதே வட்டத்துக்குள் விழுந்தன.

.380 தோட்டா பெரும்பாலும் 9 மி.மீ. தோட்டாவைவிட விலை கூடுதல் என்பதால், பயிற்சிச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். டிரிக்கரை முழுவதும் மூடும் உறை கட்டாயம். துப்பாக்கி இருக்கும் கால்சட்டைப் பையில் சாவியோ சில்லறையோ வேறு எதுவுமோ இருக்கக் கூடாது. என் மனைவி ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியை, பின்னுக்கு இழுக்கச் சிரமப்பட்டாள். ஆகவே அவளுக்கு எது பொருந்தும் என்பதை அவளே சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிளாக் 42 பையில் சற்றே புடைத்துத் தெரிகிறது. அதற்கேற்பத் தளர்வான கால்சட்டைகளை வாங்கிக்கொண்டேன்.