ஏழு அணிகள், ஏழு ஞாயிறுகள்

சேலத்தில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நான் நடத்திய முதல் வாலிபால் போட்டி நாக் அவுட், தோற்றால் வெளியே. ஏழு அணிகள், ஆறு ஆட்டங்கள், ஒரே நாளில் கோப்பை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து அணி ஒன்று விடிகாலையில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே நேர் செட்டில் தோற்றது. "அவ்வளவுதானா சார்?" என்று கேப்டன் கேட்டான். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

மறு ஆண்டு ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் லீக் என்று முடிவு செய்தேன். ஏழு அணிக்கு 21 ஆட்டம். இருந்தது ஒரே கோர்ட். ஞாயிறுக்கு மூன்று ஆட்டம் வீதம் ஏழு ஞாயிறு. காப்பிப் பழம் பறிப்பு ஜனவரி வரை மும்முரமாக இருக்கும் என்பதால் பிப்ரவரியில் தொடங்கினோம்.

அட்டவணைக்குச் சைக்ளிக் முறைதான். அணிகளுக்கு எண் கொடுத்து, ஒற்றைப்படை என்பதால் 'பை' (bye) என்ற வெற்று இடம் ஒன்றைச் சேர்த்து எட்டாக்கி, நாலு நாலாக இரண்டு வரிசையில் எழுத வேண்டும். எதிரெதிரே வருபவர்களுக்கு ஆட்டம். பை அசையாது, மற்ற எண்கள் வாரம் ஓர் இடம் நகரும். பைக்கு எதிரே வரும் அணிக்கு அன்று ஓய்வு. ஆக, எண்ணை வைத்தே ஓய்வு வாரம் அமைந்துவிடும். மலை அணியில் ஒருவனுக்கு நான்காம் ஞாயிறு கல்யாணம். எல்லா அணிகளிடமும் கேட்டுக்கொண்டு அதற்கேற்ற எண்ணை அவர்களுக்குக் கொடுத்தேன், மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கினோம்.

இவ்வளவு பார்த்தும் முதல் ஞாயிறே தவறிவிட்டேன். மதியம் தொடங்கிய ஆட்டங்களில் மலை அணியைக் கடைசியில் போட்டிருந்தேன். மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போய், முடியும்போது இருட்டிவிட்டது. பஸ் போய்விட்டது. ஒன்பது பேரும் பள்ளி வராந்தாவில் படுத்தார்கள். மறுநாள் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அந்த ஒன்பது கூலியும் என் பேனாவால் போனது. யார் யாரோடு என்றுதான் சைக்ளிக் முறை சொல்லும், எத்தனை மணிக்கு என்று சொல்லாது. அடுத்த வாரமே ஆட்டங்களைக் காலைக்கு மாற்றி, அவர்களுக்கு எப்போதும் பதினொரு மணி என்று எழுதிவைத்தேன்.

கடைசிச் சுற்றுக்கு மட்டும் பக்கத்துப் பள்ளியின் கோர்ட்டையும் கேட்டு வாங்கினேன். 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் அல்ஜீரியா தன் ஆட்டங்களை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் ஆடிய மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எந்த முடிவு போதும் என்று முன்பே தெரிந்திருந்தது. 1-0 என்று முடிந்தது, இரண்டும் முன்னேறின, அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். முதலிடத்தைத் தீர்மானிக்கும் இரண்டு ஆட்டங்களையும் நானும் ஒரே நேரத்தில் தொடங்கினேன்.

மலை அணி ஆறு ஆட்டமும் ஆடி ஐந்தாவதாக வந்தது. கேப்டன் அந்தச் சார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்து ஆறு அணிகளை வைத்து மேலேயே நடத்தப் போகிறானாம். "ஆறுக்கு பை வேண்டாம்ப்பா, முதல் எண்ணையே நிறுத்திக்கோ, அஞ்சு வாரம், 15 ஆட்டம்" என்று பஸ் வரும்வரை உட்கார்ந்து போட்டுக்காட்டினேன்.