தலை தெரியும், பெயர் தெரியாது

கத்தரி பிடிக்கிறவனுக்கு வலது கையில் இரண்டு இடத்தில் தோல் காய்த்துப் போயிருக்கும். கட்டைவிரல் கணுவில் ஒன்று, மோதிரவிரலில் ஒன்று. 28 வருடமாக என் கையோடு இருந்தவை அவை. 2020 மே மாதத்தில் ஒருநாள் சோறு பிசையும்போது பார்க்கிறேன், கட்டைவிரல் காய்ப்பைக் காணோம். தோல் உரிந்து, குழந்தையின் விரல்போல் இளஞ்சிவப்பாக இருந்தது. கடை பூட்டிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

சென்னை வில்லிவாக்கத்தில் சின்னதாக ஒரு சலூன் என்னுடையது. இரண்டு நாற்காலி, நானும் ஒரு தம்பியும். அந்த வருடம் மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. எங்களுக்கு ஞாயிறுதான் வாரத்தின் பாதி வருமானம். திங்கள் கடை திறந்தேன், நல்ல கூட்டம். 24 செவ்வாய், எப்போதும்போல் வார விடுமுறை. அன்று மாலை 6 மணிக்கு 144 போட்டார்கள். செவ்வாய்க்காகப் பூட்டிய கடை 69 நாள் பூட்டியே கிடந்தது.

மே 19 முதல் கிராமங்களில் சலூன் திறக்கலாம் என்றார்கள். 24 முதல் மற்ற ஊர்களிலும். சென்னைக்கு மட்டும் இல்லை. முடிதிருத்துவோர் நல வாரிய அட்டை இருந்ததால் எனக்கு அரசின் 2000 ரூபாய் வந்தது. என்னிடம் வேலை பார்த்த தம்பி விழுப்புரம் பக்கம். அவனிடம் அட்டை இல்லை. இரண்டு முறை என்னால் ஆனதை அனுப்பினேன், மூன்றாவது முறை முடியவில்லை. அவன் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால்கூட மனசு இவ்வளவு சங்கடப்பட்டிருக்காது.

ஜூன் 1 திங்கட்கிழமை எங்களுக்கும் அனுமதி வந்தது. ஏ.சி. போடக் கூடாது. ஒருவருக்குப் போர்த்திய துணியை இன்னொருவருக்குப் போர்த்தக் கூடாது. அப்புறம், வருகிறவரின் பெயர், முகவரி, செல்போன் எண், ஆதார் எண் எல்லாம் எழுதி வைக்க வேண்டும். முதல் மூன்றும் புரிந்தது. முடி வெட்ட வந்தவரிடம் ஆதார் கேட்பதற்கு எனக்கு நாக்கு கூசியது. அரசாங்கம் சொன்னால் செய்துதான் ஆக வேண்டும். 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு வைத்தேன்.

அன்றைக்கு வந்த தலைகளை மறக்க முடியாது. முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். யார் விட்டு வைத்தார்கள், யார் வீட்டில் கை வைத்தார்கள் என்று பிடரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காய்கறி வெட்டும் கத்தரியால் மனைவி வெட்டியது படிக்கட்டு மாதிரி இருக்கும். தாடி டிரிம்மரைத் தலையில் ஓட்டியவர்களுக்கு ஒரு பக்கம் வழித்தே போயிருக்கும். யாரையும் நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் படிகளைச் சேர்த்துச் சீராக்குவதற்குத்தான் தொழிலே கற்றுக்கொண்டேன் என்று தோன்றியது. காது ஓரம் வெட்டும்போது மாஸ்க்கின் ஒரு பக்கக் கயிற்றைக் கழற்றுவேன், அவர் அதைக் கன்னத்தோடு பிடித்துக்கொள்வார். அப்படியே அடுத்த பக்கம். கடையில் பேச்சே இல்லை. அரசியலும் கிரிக்கெட்டும் ஓடிய இடத்தில் மின்விசிறிச் சத்தமும் கத்தரிச் சத்தமும் மட்டும்தான். கத்தரித் திருகில் தையல் மிஷின் எண்ணெய் விட்டும் முதல் இரண்டு தலைக்குக் கரகரவென்றுதான் ஓடியது. ஏழாவது தலையில் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வெட்டினேன்.

மறுநாள் செவ்வாய். அன்றைக்கு யாரும் முடி வெட்ட மாட்டார்கள், நாங்களும் திறக்க மாட்டோம். அந்தச் செவ்வாய் திறந்தேன். கூட்டம் வந்தது.

நோட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பத்து வருடம், இருபது வருடமாக வருகிறவர்களின் பெயர் எனக்குத் தெரியவில்லை. ரெட்டைச் சுழிக்காரர், பேங்க்காரர், பச்சை ஸ்கூட்டர், மேல்வீட்டு சார் என்றே இருந்துவிட்டேன். யாருக்கு எந்தப் பக்கம் முடி எழும்பி நிற்கும், யாருக்குச் சின்ன வயதில் விழுந்த தழும்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரியும். பெயரை ஆதார் பார்த்து எழுதினேன்.

புதன்கிழமை ஒரு தம்பி வந்தார். பள்ளிக்கூடப் பையனாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், இப்போது நாற்பதை நெருங்குகிறார். அவருடைய அப்பா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் முதல் ஆளாக வருவார். கட்டிங், ஷேவிங் இரண்டும். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொள்வார், முடியும்வரை பிரிக்க மாட்டார். நான் அவரைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவேன்.

தம்பி உட்கார்ந்ததும் துணியைப் போர்த்திச் சீப்பை வைத்தேன். கை நின்றுவிட்டது. எல்லாருக்கும் காதை மூடி முடி தொங்குகிறபோது இவருக்கு முக்கால் அங்குலம்தான் இருந்தது. நெற்றி, உச்சி, பிடரி, எல்லா இடத்திலும் அதே நீளம். மொட்டை போட்டு ஒன்றரை மாதம் ஆன தலை. கோயில்கள் மூடியிருந்த காலம், வேண்டுதல் மொட்டைக்கு வழியில்லை. இடது காதுக்குப் பின்னால் பிளேடு கீறிய தடம் வேறு.

"அப்பாவா தம்பி?" என்றேன்.

"ஆமாண்ணே. சித்திரை பொறந்த மறுநாள். கொரோனா இல்ல, நெஞ்சுவலி."

இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்த சமயம். சுடுகாட்டில் மழிக்க ஆள் கிடைக்கவில்லையாம். மச்சான்தான் வீட்டு ரேசரை வைத்து வழித்துவிட்டாராம்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே தம்பி, நடந்தாவது வந்திருப்பேனே."

"உங்க நம்பர் இல்லண்ணே. கடைக்கு வந்து பார்த்தேன், பூட்டியிருந்துச்சு."

எங்கள் சாதியில், எங்கள் தொழிலில், ஒரு சாவு வீட்டுக்கு நாங்கள் போய்ச் செய்கிற வேலை இது. என் அப்பா கடைசிவரை செய்தார். நான் சலூன் வைத்த பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அந்த வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எங்களைத் திண்ணையோடு நிறுத்துவதைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் போகவில்லை. இன்றும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பெரியவருக்குப் போயிருப்பேன். அவர் மகன் தலையில் அந்தக் கீறல் விழ விட்டிருக்க மாட்டேன்.

சீராக்க அந்தத் தலையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிடரி ஓரத்தையும் கிருதாவையும் மட்டும் எடுத்தேன். உச்சியில் அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில் அதே ரெட்டைச் சுழி. வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் சீப்பை அங்கேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவர் கண்ணை மூடியிருந்தார்.

எழுந்ததும் நோட்டை எடுத்தேன். ஆதாரை நீட்டினார். பெயரை எழுதிவிட்டு முகவரிக்காகத் திருப்பினேன். முகவரிக்கு முன்னால் அப்பா பெயர். இருபது வருடம் அவர் முகத்தில் கத்தி வைத்திருக்கிறேன், கழுத்து நரம்பு துடிப்பதைத் தொட்டிருக்கிறேன். அவர் பெயரை அன்றைக்குத்தான் படித்தேன். நோட்டில் அப்பா பெயருக்குக் கட்டம் இல்லை. முகவரிக் கட்டத்தில் கதவு எண்ணுக்கு மேலே அதையும் எழுதினேன். காசு வாங்கவில்லை.

ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். கடை நடந்தது 18 நாள்தான். பூட்டுவதற்கு முந்தின இரவு கடையில் வேலை பார்க்கிற தம்பியை அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். 190 பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் மிஸ்டு கால் கொடுத்தேன். திரும்பக் கூப்பிட்டவர்களிடம் சொன்னேன்: "சலூன்லேருந்து பேசுறேங்க. இது என் நம்பர், சேவ் பண்ணி வெச்சுக்குங்க. எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடுங்க, வரேன்."