பழ மஃபின் நாட்குறிப்பு, பினாங்கு

ஜூன் 3, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கே அடுக்களையில் 30 டிகிரி. இந்தச் சூட்டில் வெண்ணெயையும் சீனியையும் அடித்து நுரைக்க வைப்பது வீண் வேலை. வெண்ணெய் 18, 20 டிகிரியில் இருந்தால்தான் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே அடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பளபளத்து எண்ணெய் கக்கிவிடுகிறது. பழ மஃபினுக்கு எண்ணெய்தான் தோது. உலர்ந்த சாமான் ஒரு பாத்திரம், ஈரமானது இன்னொரு பாத்திரம், கடைசியில் இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது.

12 மஃபினுக்கு அடிப்படை அளவு: கோதுமை மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சீனி 130 கிராம், முட்டை 2, எண்ணெய் 100 மி.லி., பால் 160 மி.லி., பழம் 200 கிராம். இங்கே கோதுமை மாவு என்று கேட்டால் கடையில் வெள்ளை மாவைத்தான் கொடுப்பார்கள், தமிழ்நாட்டில் மைதா என்பார்களே அது. ஆட்டா மாவு வேறு, அது கூடுதலாகப் பால் குடிக்கும். தானாக உப்பும் மாவு வாங்கியிருந்தால் பேக்கிங் பவுடர் அதிலேயே இருக்கிறது, மறுபடி போடக்கூடாது.

மாவைத் தராசில் நிறுப்பதே நல்லது. ஒரே கப்பில் தூவி நிரப்பினால் 120 கிராம், அமுக்கி நிரப்பினால் 150 கிராம். இரண்டு கப்புக்கு 60 கிராம் வித்தியாசம் வந்தால் மஃபின் வறண்டு போகாமல் என்ன செய்யும்?

கலக்கும்போது கரண்டியை அடியில் விட்டு மேலே புரட்டி, 12 முதல் 15 சுற்று, போதும். அங்கங்கே மாவுத் திட்டு தெரியும், தெரியட்டும். தோசை மாவு கரைக்கிற கை சும்மா இருக்காது, இன்னும் பத்துச் சுற்று சுற்றிவிடும். அந்தப் பத்தில்தான் மாவு இழுவை பிடிக்கிறது. கலவையின் பதம் இட்லி மாவைவிடக் கெட்டி, வடை மாவைவிடத் தளர்வு. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, பொத்தென்று விழ வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

வாழைப்பழம். பிசாங் பெராங்கான் வாசனைக்கு நன்று, பிசாங் மாஸ் இனிப்புக்கு நன்று. தோல் மஞ்சளாக இருக்கும்போது மாவுச்சத்து முழுதும் சர்க்கரையாகியிருக்காது. பாதிக்கு மேல் கரும்புள்ளி விழுந்தபின் எடுக்கலாம். முழுக்கக் கறுத்து, காம்பருகே நீர் வடிந்து, கள் வாடை அடித்தால் குப்பைக்கு.

தோலுரித்து மசித்த பழம் 300 கிராம். பாலை 160 மி.லி.யிலிருந்து 60க்கு இறக்க வேண்டும், ஏனென்றால் வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். சீனி 100 கிராம் போதும். பேக்கிங் பவுடரை இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்து, சமையல் சோடா கால் தேக்கரண்டி. சோடாவை அரையாக்கினால் மஃபின் நல்ல செம்பழுப்பாக வரும், கண்ணுக்கு அழகு, வாயில் சவர்க்காரம்.

இன்றைய இரண்டு தட்டில் ஒன்று அடியில் களியாகிவிட்டது. பிட்டுப் பார்த்தால் மேலே பஞ்சு, கீழே ஒரு விரற்கடைக்குக் கொழுக்கட்டை மாவு மாதிரி பளபளப்பான அடுக்கு. ஃப்ரீசரில் இருந்த பழத்தை இளக வைத்து, வடிந்த நீரோடு அப்படியே கொட்டியதுதான் காரணம். உறைந்த வாழைப்பழம் இளகும்போது நீரைத் தனியே விட்டுவிடும். அதைக் கொட்டிவிட்டால் ருசியும் போகும். சின்னச் சட்டியில் ஊற்றி, பாகுபோலத் திரளும்வரை வற்றவைத்து, ஆறியதும் மசியலோடு சேர்க்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஓவனைப் பற்றி ஒரு குறிப்பு. வீடுகளில் பெரும்பாலும் 30, 40 லிட்டர் மேசை ஓவன்தான். திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கிறது என்று நம்ப வேண்டாம். உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பாதி மர்மம் தீரும். இந்த ஓவனில் 20 டிகிரி குறைவு, வலது பின்மூலை மட்டும் சூடு கூடுதல்.

முதல் 6 நிமிடம் 200, பிறகு 175இல் 13 முதல் 15 நிமிடம். ஆரம்பச் சூடு மேல்தோல் இறுகுமுன் மஃபினை எழுப்பிவிடுகிறது. முதல் 12 நிமிடத்துக்குக் கதவைத் திறக்கக் கூடாது. அதன்பின் தட்டை ஒருமுறை முன்பின்னாகத் திருப்பலாம்.

ஜூன் 9, திங்கள்

அன்னாசி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சை அன்னாசியைத் துண்டு போட்டு அப்படியே கலவையில் சேர்த்தால் மூன்று விதத்தில் கெடும். பழத்தில் 86 விழுக்காடு தண்ணீர், அது வேகும்போது வெளியே வந்து துண்டைச் சுற்றி ஈரக்குழி விழும். அன்னாசியில் புரோமலின் என்ற நொதி உண்டு, புரதத்தை அறுக்கும். அன்னாசி தின்றால் நாக்கு எரிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. அது முட்டையையும் பாலையும் விட்டுவைக்காது. கலவை அரைமணி காத்திருந்தால் லேசாகக் கசக்கும், நடு இறுகாது. மூன்றாவது, கனத்த துண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், வற்றவைப்பது. சூடுபட்டால் புரோமலின் செயலிழக்கும். டின் அன்னாசியில் இந்தத் தொல்லை இல்லாததும் அதனால்தான், ஆனால் அதில் வாசனையும் இல்லை. தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கிய பழம் 600 கிராம். பொடியாக அரிந்து, சீனி 30 கிராம், இரண்டு கிராம்பு, ஒரு சிறு துண்டு பட்டை போட்டு அகலமான சட்டியில் நடுத்தீயில் 20 முதல் 25 நிமிடம். தீபாவளி அன்னாசி தார்ட்டுக்குக் கிண்டுகிற ஜாம் பதத்துக்குப் போகக் கூடாது, அதற்கு இரண்டு படி முன்னே நிறுத்த வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியைக் கீறினால் கோடு இரண்டு நொடி அப்படியே நின்று பிறகு மூட வேண்டும். அப்போது எடை பார்த்தால் 220 கிராம் சுற்றி இருக்கும். உரித்த பழத்தின் எடையைக் குறித்துப் பயனில்லை, வற்றிய எடைதான் கணக்கு.

கிராம்பை எண்ணி எடுத்துவிடவும். மஃபினில் கடிபட்டால் அன்றைய தேநீர் பாழ்.

எந்தப் பழம்? எம்டி2 வெறும் இனிப்பு. ஜோசபைனில் புளிப்பும் கலந்திருக்கும், வெந்த பிறகும் அன்னாசி என்று சொல்லிக்கொள்ள அந்தப் புளிப்பு வேண்டும். மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1996இல் வெளியிட்ட ரகம் அது. ஜொகூர் ரகத்தையும் சரவாக் ரகத்தையும் கலந்தது, பெயரிலேயே இரண்டு ஊரும் இருக்கின்றன.

பழத்தை மாவில் பிரட்டிப் போட்டால் மூழ்காது என்கிறார்கள். தளர்ந்த கலவையில் மாவில் பிரட்டினாலும் மூழ்கத்தான் செய்யும். கலவை கெட்டியாகவும் துண்டு சுண்டைக்காய் அளவாகவும் இருந்தால் பிரட்டவே தேவையில்லை. இன்னும் சந்தேகமானால் காகிதக் கப்பில் முதலில் ஒரு கரண்டி வெறும் கலவை, அதன்மேல் பழம் சேர்த்தது.

ஜூன் 13, வெள்ளி

முட்டையில்லாதது. வெள்ளிக்கிழமைக்கும், வரப்போகிற புரட்டாசிக்கும் இது வேண்டும்.

முட்டை இரண்டுக்குப் பதில் கெட்டித் தயிர் 200 கிராம், எண்ணெய் 110 மி.லி., பால் 80 மி.லி., பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி. மாவும் சீனியும் அதே அளவு. வீட்டுத் தயிரானால் மெல்லிய துணியில் அரைமணி வடியவிட்டபின் நிறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழத்தில் வற்றவைத்த தண்ணீர் தயிர் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

சோடா தயிரைத் தொட்டதும் குமிழ் விட ஆரம்பிக்கும். அந்தக் குமிழ்தான் மஃபினைத் தூக்கும் காற்று. ஓவன் முதலில் சூடாக வேண்டும், காகிதக் கப் தட்டில் தயாராக இருக்க வேண்டும், அதன் பிறகுதான் ஈரத்தையும் உலர்வையும் சேர்ப்பது. நிறம் குறைவாகத்தான் வரும், நான்கு நிமிடம் கூட விடலாம். திங்கட்கிழமை அன்னாசியில் மீந்ததைப் போட்டதில் புளிப்புக்குப் புளிப்பு சேர்ந்து, முட்டை போட்டதைவிட இதுவே மேல்.

ஜூன் 17, செவ்வாய்

மாம்பழம். பெர்லிஸ் ஹாருமானிஸ் பருவம் முடியப்போகிறது. அதை ஓவனில் வைப்பது பாவம். அதன் மணம் அத்தனையும் சூட்டில் பறந்துபோகும், மிஞ்சுவது வெறும் இனிப்பு. தோலைச் சீவி அப்படியே தின்னுங்கள்.

மஃபினுக்குச் சோக்கானான் போதும், அதுவும் கொஞ்சம் காயாக. கூழ் 250 கிராமை 150 ஆகும்வரை வற்றவைத்து, பாலை 100 மி.லி. ஆக்கி, அரைப்பழத்தைச் சிறு துண்டாக 100 கிராம் சேர்க்கலாம். ஏலக்காய்த் தூள் கால் தேக்கரண்டி. லிமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை இரண்டைப் பிழிந்து கூழில் விட்டால் மாம்பழம் விழித்துக்கொள்ளும்.

ஜூன் 18, புதன்

நேற்றைய மஃபினை வெட்டிப் பார்த்தது. கூம்பு கூம்பாகத் தலை, உள்ளே அடியிலிருந்து உச்சிவரை புழு குடைந்த மாதிரி நீள ஓட்டைகள். ஓவனைக் குற்றம் சொல்ல முடியாது. மாம்பழத் துண்டைக் கடைசியாகப் போட்டு மறுபடி பத்துச் சுற்று கலக்கியதன் பலன். துண்டுகளை உலர்ந்த மாவிலேயே முதலில் போட்டுவிட வேண்டும், பிறகு ஈரம்.

ஜூன் 22, ஞாயிறு

பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் குவிந்திருக்கிறது. மஃபினுக்கு மூசாங் கிங் போன்ற உயர்ரகம் தேவையில்லை, கம்போங் டுரியானில், அதாவது நாட்டு டுரியானில், நன்கு கனிந்தது போதும். கொட்டை நீக்கிய சதை 220 கிராம். சீனி 90 கிராம், எண்ணெய் 80 மி.லி. ஆகக் குறைக்கலாம், பழத்திலேயே கொழுப்பு உண்டு. பால் 140 மி.லி.

மற்ற பழம் கலவையைத் தளர்த்தும், இது கெட்டியாக்கும். நாரும் மாவுச்சத்தும் பாலைக் குடித்துவிடும். ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்து, கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தால் இன்னும் 20 மி.லி. பால். வெடித்த பழத்தில் வாங்கினால் புளித்த வாடையைப் பாருங்கள், அது சூட்டில் கூடுமே தவிர குறையாது.

ஓவன் வாசனை இரண்டு நாளைக்குப் போகாது. அடுத்து எலுமிச்சை மஃபின் போடுகிற எண்ணம் இருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளவும். ஃப்ரிட்ஜில் திறந்து வைத்த வெண்ணெய்கூட இதை இழுத்துக்கொள்ளும்.

ஜூன் 24, செவ்வாய்

சிவப்பு டிராகன் பழம். கலவை கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறம், வெந்து வந்தது மங்கிய மண்ணிறம். அந்தச் சிவப்புச் சாயம் சூட்டுக்குத் தாங்காது, சோடா பட்டால் இன்னும் சீக்கிரம் மஞ்சளடித்துப் போகும். ருசியிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஐசிங் சீனி 100 கிராமில் ஒரு மேசைக்கரண்டிச் சாற்றைக் குழைத்து, ஆறிய மஃபின்மேல் ஊற்றினால் நிறம் அப்படியே நிற்கும். அதோடு விட்டுவிடலாம்.

ஜூன் 28, சனி

ஜாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்கா தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து இங்கே நட்ட பயிர். கொட்டையும் பத்திரியும் மசாலாக் கடைக்குப் போகும். வெளிச்சதையை இங்கே சீனியில் ஊறவைத்து விற்பார்கள், சாறும் எடுப்பார்கள். பச்சையாகக் கடித்தால் துவர்ப்பும் புளிப்பும் நாக்கை இழுத்துப் பிடிக்கும்.

சதை 150 கிராமைத் துருவி, உப்பு ஒரு சிட்டிகை போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து, முதல் நீரைக் கொட்டிவிட வேண்டும், துவர்ப்பு பாதி அதோடு போகும். பிறகு சீனி 70 கிராம் கலந்து இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். காலையில் துருவல் கண்ணாடிபோல ஆகி, கிண்ணத்தின் அடியில் இளம் மஞ்சளாகப் பாகு நிற்கும். துருவலை வடித்து அடிப்படைக் கலவையில் சேர்க்கலாம், சீனி 80 கிராம் போதும். பாகை ஒரு கொதி விட்டு, சுடச்சுட இருக்கும் மஃபின் தலையில் தூரிகையால் இரண்டு முறை தடவினால் மேல்தோல் மினுங்கும். ஜாதிக்காய்த் தூளும் சேர்ப்பதானால் எட்டில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், மருந்து வாடை அடிக்கும்.

இதுவரை போட்டதில் இந்த ஊருக்கே உரியது இதுதான்.

ஜூலை 2, புதன்

வைப்பு முறை. வெந்த மஃபினை ஐந்து நிமிடத்தில் அச்சிலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் வைக்க வேண்டும். அச்சிலேயே விட்டால் ஆவி வெளியேற வழியின்றி அடியில் வியர்த்து, காகிதம் ஊறிப்போகும். சூட்டோடு காகிதத்தை உரித்தால் பாதி மஃபின் காகிதத்தோடு வரும்.

முழுக்க ஆறியபின் டப்பாவில், அடியில் ஒரு காகிதத் துவாலை. இந்த ஈரக்காற்றில் வெளியே இரண்டு நாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காகித ஓரத்தில் சாம்பல் பொட்டு தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டுத் தின்னலாம் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜ் சரிவராது, அங்கே மாவுச்சத்து சீக்கிரம் விறைத்து மஃபின் கட்டையாகும். ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம். இளக வைக்காமல் நேரே 160 டிகிரியில் 12 நிமிடம். அன்னாசியும் வாழையும் நன்றாகத் திரும்பி வருகின்றன. பாகு தடவிய ஜாதிக்காய் மட்டும் பிசுபிசுக்கிறது, ஃப்ரீசருக்குப் போவதைத் தடவாமல் வைத்து, சூடாக்கிய பின் தடவ வேண்டும்.