சத்திரக்காரர் என்ன செய்தார்?

மார்ச் 3, 2025, திங்கள்

எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு நீதிபோதனை வகுப்பும் இனி நான்தான். இதுவரை எடுத்த சிஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். சமூக அறிவியலோடு வாரத்தில் இரண்டு பீரியடு கூடுதல். நானே கேட்டு வாங்கியது.

கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லித் தருகிறீர்கள் என்று பலரும் கேட்பார்கள். எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. தமிழிலிருந்து கணக்கு வரை அரசுப் பாடநூல்தான். கூடுதலாக இருப்பது இந்த இரண்டு பீரியடு. மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்காக அடுத்த அறைக்குப் போவார்கள். பத்துக் கட்டளைகள், ஏழு திருவருட்சாதனங்கள், செபமாலை எல்லாம் அங்கே. மற்றவர்களுக்கு இங்கேயே நீதிபோதனை. பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. நியாயமான ஏற்பாடு. ஆனாலும் 41 பேரில் 13 பேர் எழுந்து போனதும் பெஞ்சுகளில் அங்கங்கே விழுகிற வெற்றிடம் எனக்கு உறுத்துகிறது. ஒரே ஒரு கதையையாவது எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லலாமா என்று எச்.எம். சிஸ்டரிடம் கேட்டேன்.

"கதைதானே, எடுங்க. பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிவிட்டது. காலைத் திருப்பலிக்குப் போய் வந்த பிள்ளைகளின் நெற்றியில் சாம்பல் சிலுவை.

"மிஸ், நாங்க தினமும் திருநீறு வெக்கிறோம். இவங்களுது என்ன சாம்பல்?" என்று முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள். போன வருடம் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்து எடுத்த சாம்பல் என்றேன். "எங்களுது சாணத்துல செய்யறது" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் நெற்றியை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டார்கள்.

ரம்ஜான் நோன்பும் நடக்கிறது. வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இன்று நான்காவது நோன்பு. கத்தோலிக்கத் திருச்சபையில் இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்துதான் கடமை, ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, 18-லிருந்து என்று சொன்னதும் அவள், "அப்ப இவங்களுக்கு இன்னும் வயசே வரலையா?" என்று ஆச்சரியப்பட்டாள். மதியம் பார்த்தேன். அவள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் யாரும் சொல்லாமலே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

கடைசிப் பீரியடில் வேலூர்ப் புரட்சி, திருப்புதல். 1806, ஜூலை 10. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், காதணி போடக் கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "இத அழிச்சிட்டு வான்னு சொன்ன மாதிரியா, மிஸ்?" என்றான். ஆமாம், அப்படித்தான். ஒன்பது வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன். பஸ்ஸில் வரும்போது தினமும் அந்தக் கோட்டையைப் பார்க்கிற பிள்ளைகள்தான் இவர்கள். இந்தக் கேள்வி இன்றைக்குத்தான் வந்தது.

மார்ச் 7, வெள்ளி

நல்ல சமாரியர் கதை. 41 பேரும் ஒரே அறையில்.

சேத்துப்பட்டில் என் பாட்டி ஞானோபதேசம் படித்தது கேள்வியும் பதிலுமாக, மனப்பாடமாக. எழுத்துக் கூட்டத் தெரியாதவர், கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பிப்பார். அந்த முறையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் இந்தக் கதையே ஒரு கேள்விக்கு நேரான பதிலைத் தராமல்தான் தொடங்குகிறது. எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் ஒருவர் கேட்கிறார். இயேசு விளக்கம் சொல்லாமல் கதை சொல்கிறார். லூக்கா நற்செய்தி, 10-ஆம் அதிகாரம்.

முதலில் கரும்பலகையில் பாதையை வரைந்தேன். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். "ஏலகிரியிலிருந்து இறங்கற மாதிரியா, மிஸ்?" அதைவிட இறக்கம், வறண்ட மலை, ஆள் நடமாட்டம் குறைவு. வழிப்போக்கன் ஒருவனைக் கள்வர் அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கோயில் குரு ஒருவர் பார்த்தும் விலகிப் போகிறார். கோயில் பணி செய்யும் லேவியரும் அப்படியே.

சமாரியர் என்றால் யார் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. யூதர்களும் அவர்களும் கலந்து பழக மாட்டார்கள், ஒருவர் பாத்திரத்தை மற்றவர் புழங்க மாட்டார்கள் என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஜன்னலோரத்திலிருந்து ஒரு பையன் மெதுவாக, "எங்க தாத்தா ஊரு டீக்கடையில தனி டம்ளர் இருந்துச்சாம் மிஸ்" என்றான். யாரும் திரும்பி அவனைப் பார்க்கவில்லை, நானும் உடனே அடுத்த வரிக்குப் போகவில்லை.

காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுகிறார் சமாரியர். தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டு போகிறார். மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம், அந்தக் கால வெள்ளிக்காசு, கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போகிறார்.

கதை முடிந்தது. மூன்றாம் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அவன் அப்பா வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர்.

"மிஸ், அவரு திரும்பி வந்தாரா?"

வேதாகமத்தில் அது இல்லை என்றேன்.

"அப்ப காசு தீந்துபோச்சுன்னா சத்திரக்காரரு என்ன பண்ணியிருப்பாரு?"

இந்தக் கதைக்கு நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. குருவைப் பற்றி, லேவியரைப் பற்றி, சமாரியரைப் பற்றி. கட்டிலைக் கொடுத்துவிட்டு, ஒரு வாக்கை மட்டும் நம்பி, அடிபட்டவனுக்குக் கஞ்சி ஊற்றிய மனிதரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

லாட்ஜ் பையன் கணக்குப் போட்டுக் கொண்டு வந்திருக்கிறான்! ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்று சொல்லியிருந்தேன். நூறு நாள் வேலையில் 2024-25-க்கான தமிழ்நாட்டுக் கூலி 319 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 638. அவன் அப்பா வேலை பார்க்கும் லாட்ஜில் அறை ஒரு நாளைக்கு 450. மீதி 188-இல் சாப்பாடு, கட்டுத்துணி. கீழே சிவப்பு மையில், 'இரண்டாம் நாள் காலையில் பாக்கி ஆரம்பம்.'

மார்ச் 14, வெள்ளி

இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப் பாதை. வெயில் கடுமை, பதினான்கு நிலைகளையும் மரநிழலிலேயே நடத்தினோம்.

மார்ச் 21, வெள்ளி

கதையை நாடகமாகப் போட்டார்கள். சமாரியராக அந்த டீக்கடைப் பேச்சை எடுத்த பையனே முன்வந்தான். சத்திரக்காரர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அடிபட்டவராக நோன்புப் பெண், "படுத்தே இருக்கலாம்ல" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் நாடகம் போட்டால் நம் ஊர்தானே வரும். சி.எம்.சி., ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இன்றைக்கும் நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள். சுற்றுத் தெருக்களில் கடைப் பலகைகள் வங்காளத்திலும் இருக்கும். அதனால் எங்கள் அடிபட்டவருக்குத் தமிழ் தெரியவில்லை. சத்திரக்காரர் தனக்குத் தெரிந்த இந்தியில், "கானா காயா?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்டார். அது நான் எழுதிக் கொடுத்த வசனத்தில் இல்லை.

மூன்றாம் நாள் காட்சியும் அவர்களே சேர்த்தது. காசு தீர்ந்துவிட்டது, சமாரியர் வரவில்லை. பக்கத்து அறைக்காரர்களாக நடித்த பெண்கள் சத்தம் போடுகிறார்கள், காசில்லாதவனுக்கு எதற்கு அறை என்று. சத்திரக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தான் அந்தப் பையன், எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு, "கீழ என் ரூம்ல படுக்கட்டும், இந்த ரூமை வேற ஆளுக்கு விடலாம்" என்றான்.

தாராளமாக வைத்துக் காப்பாற்றுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். இவனோ தொழிலும் தெரிந்து, மனுஷனையும் விடாமல், நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான். இதை எந்தப் பாடநூலில் இருந்து எடுத்துக் கொடுத்திருப்பேன்?

மார்ச் 28, வெள்ளி

மறைக்கல்வியும் நீதிபோதனையும் மறுபடி தனித்தனி அறைதான். மணி அடித்தது, 13 பேர் எழுந்து போனார்கள். நோன்புப் பெண் மட்டும் அவர்களிடம், "அங்க என்ன கதைன்னு வந்து சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் லாட்ஜ் பையனின் அப்பா கேட்டருகில் நின்றார். மகன் வீட்டில் கதையை முழுக்கச் சொல்லிவிட்டானாம்.

"ஒரு சந்தேகம் டீச்சர். எங்ககிட்ட யார் வந்தாலும் ரெஜிஸ்டர்ல பேரு, ஊரு எழுதாம ரூம் குடுக்கக் கூடாது. அந்த அடிபட்ட ஆளுக்கு நினைவே இல்லையே. அந்தச் சத்திரத்துல என்ன பேரு எழுதியிருப்பாங்க?"

வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தை எடுத்து மறுபடி படித்தேன். குரு, லேவியர், சமாரியர் என்று ஒவ்வொருவரும் இன்னார் என்று இருக்கிறது. அடிபட்டவனுக்கு மட்டும் பெயரும் இல்லை, எந்த ஊர், எந்த இனம் என்றும் இல்லை. 'ஒருவர்' என்றுதான் இருக்கிறது.

திங்கள் ரம்ஜான் விடுமுறை. செவ்வாய்க்கிழமை முதல் பீரியடில், எல்லோரும் இருக்கும்போது, பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.