வாயில் ஈரம் இல்லாத நாட்கள்

2024 ஜூலை 22, திங்கள்

இன்று நாலு பல் பிடுங்கியாகிவிட்டது. நாக்கின் அடியில், வலது பக்கம்தான் புற்றுநோய்க் கட்டி, இதில் பல் என்ன செய்தது என்று கேட்டேன். பல் டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்த பிறகு தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும், அப்போது பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், அதனால் சொத்தையையும் ஆடுவதையும் முன்னாலேயே எடுத்துவிட்டு, ஈறு ஆற இரண்டு வாரம் விட்டுத்தான் தொடங்குவார்களாம். மொத்தம் 35 சிட்டிங், 70 கிரே (கிரே என்பது கதிரின் அளவு), வாரத்துக்கு ஐந்து நாள், கூடவே வாரம் ஒரு கீமோ. எனக்கு என்னவெல்லாம் ஆகும் என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "வாய் கொஞ்சம் வறளும், தண்ணி குடிங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஒன்பதாவது சிட்டிங். என் முகத்துக்கென்றே அச்செடுத்த வலை முகமூடியை மேஜையோடு மாட்டிவிடுகிறார்கள், அசைய முடியாது. அதுகூடப் பழகிவிட்டது. எச்சில்தான் பசையாகிவிட்டது. துப்பினால் அறுபடாமல் நூலாகத் தொங்குகிறது, விழுங்கினால் தொண்டையில் நிற்கிறது.

ஜூனியர் டாக்டர் ஒருவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பிதான் சாப்பிடும்போது தண்ணீராக எச்சில் விடுகிறது. தாடைக்குக் கீழே இருப்பது மற்ற நேரத்தில் வாயை நனைத்து வைக்கிறது. கதிர் பட்டால் தண்ணீராகச் சுரக்கும் பகுதிதான் முதலில் அடிவாங்கும், கெட்டியாக வருவது மிஞ்சும். ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுமாம். எனக்கு ஐ.எம்.ஆர்.டி. முறையில், அதாவது கதிரின் அளவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து வைப்பதால் இடது காதுப் பக்கத்துச் சுரப்பிக்கு 26 கிரேக்குள் நிற்கும்படி திட்டம் போட்டிருக்கிறார்கள், அது பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு என்றார். இந்தத் திட்டம் போடும்போது சுரப்பியைப் பற்றிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. இனிமேல் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

செப்டம்பர் 4, புதன்

வாய் முழுக்கப் புண். கஞ்சி. அதுவும் மண் மாதிரி இருக்கிறது. உப்பும் சோடா உப்பும் போட்ட தண்ணீரில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்கிறேன். இன்று இவ்வளவுதான்.

அக்டோபர் 2, புதன்

போன வாரம் சிட்டிங் எல்லாம் முடிந்து தஞ்சாவூர் வந்துவிட்டோம். கட்டி கரைந்திருக்கிறது என்கிறார்கள், மூன்று மாதம் கழித்து ஸ்கேன்.

ராத்திரிதான் கொடுமை. தூங்கிக் கொஞ்ச நேரத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது, விரலால்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மணிக்கு, மூன்று மணிக்கு, நாலரைக்கு என்று எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், அதனால் ஒன்றுக்குப் போகவும் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் வாயை விட்டு இறங்கியதும் பழையபடி காய்ந்துபோகிறது. தண்ணீர் எச்சில் ஆகாது. அதற்கு வழுவழுப்பு கிடையாது.

எங்கள் வீட்டில் எச்சில் படாமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும், அம்மா அப்படி வளர்த்தது. இப்போது அப்படி ஊற்றினால் புரையேறுகிறது. வாய் வைத்துச் சின்னச் சின்ன மடக்காகக் குடிக்கிறேன். எனக்கென்று தனி டம்ளர் வைத்துக்கொள்கிறேன் என்றேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் என் டம்ளரை எடுத்து மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு வைத்தாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

மூன்று நாளாக நாக்கில் வெள்ளை படிந்திருந்தது. பூஞ்சைக் காளான். எச்சில் இல்லாத வாயில் அடிக்கடி வருமாம், மருந்து எழுதிக்கொடுத்தார்கள். ராத்திரி பல் அச்சுத் தட்டில் ஃப்ளோரைடு ஜெல் வைத்து ஐந்து நிமிடம் கடித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் அரை மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது. எச்சில் இல்லையென்றால் பல் மளமளவென்று சொத்தையாகும் என்பதால் ஒரு நாளும் விடுவதில்லை.

எச்சில் ஊற வைக்கும் மாத்திரை, பைலோகார்பின் 5 மில்லிகிராம், மூன்று வேளை தொடங்கியிருக்கிறார்கள். ஆஸ்துமா உண்டா, கண்ணில் அழுத்தம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். சுரப்பியில் உயிர் மிச்சமிருந்தால்தான் இது வேலை செய்யும். இப்போதைக்குச் சட்டை நனைகிற அளவு வேர்க்கிறது, வாயில் பெரிய வித்தியாசம் இல்லை.

நீராகாரம் இறங்குகிறது. ரசம் தளரப் பிசைந்த சோறு இறங்குகிறது. இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டால் பரவாயில்லை. முறுகல் தோசையும் வேர்க்கடலையும் ஒரு வாய்கூட முடியவில்லை, மென்றது மாவாகி அப்படியே கன்னத்தில் அப்பிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் சாப்பிடுகிறேன். மற்றவர்கள் கை கழுவிவிட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஸ்கேன் சுத்தம் என்று வந்துவிட்டது, வீட்டில் எல்லோரும் அழுதோம். பேத்தி கரும்பைக் கொண்டுவந்து "கடி தாத்தா" என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

டியூட்டிக்குத் திரும்பி ஒரு வாரம். 27 வருஷம் கண்டக்டர் வேலை. டிக்கெட் கட்டிலிருந்து சீட்டுக் கிழிக்கவும் கலெக்‌ஷன் எண்ணவும் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டே பழக்கம், கை இன்னும் தானாக வாய்க்குப் போகிறது, அங்கே ஈரம் இல்லை. நோட்டு எண்ண ஈர ஸ்பாஞ்ச் டப்பா ஒன்று வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். விசில் உதட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்டாப் பெயரைக் கூப்பிட ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்குத் தண்ணீர்.

இன்று மாலை ட்ரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாங்காயில் உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுகொண்டு வந்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். இடது காதுக்குக் கீழே சுரீர் என்றது, கூச்சம் மாதிரி, வலி மாதிரி. நாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தொட்டேன். கன்னத்தின் உள்ளே ஈரம். வலது பக்கம் இல்லை, இடது பக்கம் மட்டும். அடுத்த ஸ்டாப் வரை வாயைத் திறக்காமலே நின்றேன்.